காப்பியடித்த காசு

மாமாக் கடையில் சாப்பிட்டு முடித்து "எவ்வளவுண்ணே?" என்று கேட்டால் "ஆறு வெள்ளி" என்று பதில் வரும். கொடுப்பது காகித நோட்டு, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் நோட்டு. இப்போதெல்லாம் அதுவும் இல்லை, கைப்பேசியை நீட்டினால் போதும். வெள்ளி என்ற உலோகம் அந்தக் கொடுக்கல் வாங்கலில் குந்துமணி அளவும் கிடையாது. ஆனாலும் நமக்கு அது வெள்ளிதான். வானொலியில் மைக் எரியும்போது "ரிங்கிட்" என்று வாசிப்பேன். விளக்கு அணைந்ததும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் "அஞ்சு வெள்ளி கடன் குடுங்க" என்பேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்குத்தான் இது புரியாமல் கொஞ்ச நேரம் வேடிக்கையாக இருக்கும்.

ஒரு காலத்தில் அது நிஜமாகவே வெள்ளி. மலாய் மொழியில் "ரிங்கிட்" என்றால் பல் பல்லாக இருப்பது. இந்தக் கரைகளில் புழங்கிய ஸ்பானிய வெள்ளிக்காசுகளின் விளிம்பு அப்படி இருந்ததால் வந்த பெயர். பிறகு மெக்சிகோ டாலர் வந்தது. 1895 முதல் பிரிட்டிஷ் வணிக டாலர் வந்தது. கையில் சூலம் பிடித்த பிரிட்டானியா அம்மாள் ஒரு பக்கம், சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் மறுபக்கம். எடை 26.95 கிராம், அதில் பத்துக்கு ஒன்பது பங்கு வெள்ளி. பெரும்பாலும் பம்பாய் நாணயச்சாலையில் அடித்துக் கப்பலில் வந்தவை. 1903ல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி டாலர் வந்தபோதும் அதே எடைதான். வெள்ளி விலை ஏற ஏற, 1907ல் அதை 20.21 கிராமாக இளைக்க வைத்தார்கள். 1919ல் 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. இன்றைய பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கு நடப்பதுதான் அன்றைக்குக் காசுக்கும் நடந்திருக்கிறது.

நான் காசு சேர்க்க ஆரம்பித்தது இந்த வணிக டாலரில்தான். செமினியில் எங்கள் வரிசை வீடு நிற்கும் இடம் முன்பு ரப்பர்த் தோட்டம். என் தாத்தா பால்மரம் சீவியவர். அவர் காலத்து "வெள்ளி" எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் ஒன்று வாங்கினேன். அங்கிருந்து ஒன்றைப் பிடித்து ஒன்றாக நூல் நீண்டு, இப்போது என் மேசை இழுப்பறையில் இருப்பது சிலுவைப் போர்க் காலத்து வெள்ளிக்காசு ஒன்று. "உனக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று என் அம்மா கேட்கிறார். சம்பந்தம் இருக்கிறது. சுற்றி வளைத்து பிரிக்ஃபீல்ட்ஸில் கொண்டுபோய் விடுகிறேன், கூடவே வாருங்கள்.

அந்தக் காசு நம் 20 சென் நாணயம் அளவுதான் இருக்கும். எடை 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் அரபு எழுத்து. டமாஸ்கஸை ஆண்ட அய்யூபிய சுல்தான் அல்-சாலிஹ் இஸ்மாயிலின் பெயர், இறைவன் ஒருவனே என்னும் கலிமா, ஹிஜ்ரி ஆண்டு எல்லாம் இருக்கின்றன. அச்சு அசல் திர்ஹம். ஆனால் அதை அடித்தது டமாஸ்கஸ் அல்ல. கடற்கரையில் அக்கா என்ற கோட்டை நகரத்தை வைத்திருந்த சிலுவைப் போர்க்காரர்கள் அடித்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆமாம், யாரோடு போரிட வந்தார்களோ அவர்களுடைய காசை அப்படியே காப்பியடித்திருக்கிறார்கள்.

1099ல் ஜெருசலேமைப் பிடித்தவர்கள் அங்கே நிலைத்து உட்கார்ந்தபோது ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. சந்தைக்கு வருகிற வியாபாரிக்கு, மிளகு விற்பவனோ துணி விற்பவனோ, பழகிப்போன காசு திர்ஹமும் தினாரும்தான். லத்தீன் எழுத்தும் சிலுவையும் போட்ட புதுக் காசை நீட்டினால் அவன் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஆகவே முதலில் எகிப்தின் ஃபாத்திமியத் தங்க தினாரைப் பார்த்துத் தங்கக்காசு அடித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் திர்ஹத்தைப் பார்த்து வெள்ளிக்காசு. தங்கத்தில் கொஞ்சம் கைவைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் நூற்றுக்கு 80 பங்கு அளவில் இருந்த தங்கம் பிறகு 68 வரை இறங்கியது. ஆனால் வியாபாரிகள் ஏமாறவில்லை. அந்தக் காசுக்குத் தனிப்பெயர் வைத்து, ஒப்பந்தங்களில் தனியாக எழுதி, தனி விலைக்கு வாங்கி விற்றார்கள். வெள்ளியில் அந்தக் குறும்பும் இல்லை. அசலுக்கு ஈடான வெள்ளி. சில காசுகளில் எழுத்து லேசாகப் பிசகியிருக்கும், சிலவற்றில் போட்டிருக்கும் ஆண்டு அந்த சுல்தானின் ஆட்சிக்கு ஒத்துவராது. அதை வைத்துத்தான் இன்று கண்டுபிடிக்கிறார்கள். அன்றைய மளிகைக் கடைக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பொருட்படுத்தியவர் ஒருவர் வந்தார். 1250ல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியோடு வந்திருந்த போப்பின் தூதர் ஓதோ. கிறிஸ்தவர்கள் கையால் நபியின் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் போட்டுக் காசு அடிப்பதா என்று கொதித்துத் தடை போட்டார். நாணயச்சாலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1251ல் புதுக் காசு வந்தது. நடுவில் ஒரு சிலுவை. சுற்றிலும் தந்தை, மகன், தூய ஆவி என்று கிறிஸ்தவ விசுவாச வாசகம், கிறிஸ்து பிறந்த கணக்கில் ஆண்டு. எல்லாம் அரபு மொழியில்! எழுத்தின் தோற்றத்தை மட்டும் விடவில்லை. அது போனால் சந்தையில் காசு போகாதே. எனக்கு உலக வரலாற்றில் மிகவும் பிடித்த சமரசம் இதுதான். அந்த 1251 காசு என்னிடம் இல்லை, அதன் விலைக்கு என் சம்பளம் எட்டாது.

இது அவர்கள் மட்டும் செய்த வேலையும் அல்ல. 8ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மெர்சியாவின் அரசர் ஆஃபா, பாக்தாத் கலீஃபாவின் தினாரைப் பார்த்துத் தங்கக்காசு அடித்தார். தன் பெயரை அரபு வரிகளுக்கு நடுவே தலைகீழாக வைத்துவிட்டார்கள் அவருடைய ஆட்கள். எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை போலும். அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரேபியர்களும் தொடக்கத்தில் பாரசீக ராஜாவின் தலை போட்ட வெள்ளிக்காசையே பார்த்து அடித்துப் புழங்கியவர்கள்தான். எழுத்து மட்டுமே உள்ள சொந்தக் காசு, கலீஃபா அப்துல் மாலிக் காலத்தில், 7ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. காசு அடிப்பதிலேயே "அடிப்பது" இருக்கிறது, காப்பியடிப்பதிலும் இருக்கிறது. தமிழ் எல்லாவற்றையும் தெரிந்துதான் வைத்திருக்கிறது.

சரி, பிரிக்ஃபீல்ட்ஸ்.

நிகழ்ச்சி ஒன்றில் நான் காசு சேர்ப்பதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருந்தேன். அதைக் கேட்டு ஒருவர் அழைத்தார். அவருடைய அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். பிரிக்ஃபீல்ட்ஸின் பழைய ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்கு மாறப்போகிறார்கள், அம்மாவின் தகரப்பெட்டியில் சில பழைய காசுகள் இருக்கின்றன, நகைக்கடைக்காரர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார், அதற்கு முன் ஒரு தடவை பார்க்க முடியுமா என்றார்.

போய்ப் பார்த்தேன். பெட்டியில் மூன்று வணிக டாலர்கள், ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சில்லறை, பிறகு ஒரு துணி முடிச்சு. முடிச்சுக்குள் ஒரு வளைந்த கம்பி. சுண்டுவிரல் நீளம், இரண்டாக மடித்து ஒரு முனையில் கொக்கி மாதிரி வளைத்தது.

"இது என்ன ஆண்ட்டி?" என்றேன்.

"அது அம்மம்மாட சாமான் பிள்ளை. கொண்டை ஊசி உடைஞ்சதெண்டு நினைக்கிறன். எறிய மனமில்லாமல் வச்சிருக்கிறன்."

மகன் சிரித்தார். "டாலர் மூணும் நல்ல காசு சிஸ்டர். இதைத்தான் தூக்கிப் போடச் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

கம்பியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது என் வயிற்றில் ஒரு பட்டாம்பூச்சி. தட்டையாக்கிய பகுதியில் அச்சுக் குத்தியிருந்தது. அரபு மாதிரி கோடுகள்.

அதன் பெயர் லாரின். பாரசீகத்தில் லார் என்ற ஊரில் பிறந்ததால் அந்தப் பெயர். வெள்ளிக் கம்பியை மடித்து, அச்சு வைத்து ஒரு அடி. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பாரசீக வளைகுடா, இந்தியாவின் மேற்குக் கரை, மாலத்தீவு, இலங்கை என்று கடல் முழுக்க ஓடிய காசு அது. பிஜப்பூர் அடில் ஷா அடித்திருக்கிறார். மாலத்தீவில் இன்றும் சில்லறைக்குப் பெயர் "லாரி". இலங்கைக்கு வந்த லாரின் கொஞ்சம் வளைந்து மீன் தூண்டில் முள் வடிவம் எடுத்தது. சிங்களத்தில் அதற்குக் "கொக்கு ரிதி" என்று பெயர், கொக்கி வெள்ளி. அவர்களுக்கும் காசென்றால் வெள்ளிதான் பாருங்கள்.

அங்கே அடித்த லாரின்களில் உள்ள அரபு எழுத்து பெரும்பாலும் எழுத்தே அல்ல. எழுத்து மாதிரி தெரியும் கோடு. அடித்தவருக்கு அரபு தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இதைப் பற்றி நமக்கு ஒரு நேரடிச் சாட்சி இருக்கிறது. ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660ல் பிடிபட்டு, கண்டி ராஜ்ஜியத்தில் 19 ஆண்டுகள் கைதியாக இருந்து தப்பியவர். 1681ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்தத் தூண்டில்முள் காசைப் பற்றி எழுதுகிறார். அரசர் அனுமதியோடு யார் வேண்டுமானாலும் இதை அடிக்கலாமாம். முத்திரையும் அவரவர் இஷ்டமாம். ஆனால் வெள்ளி மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெள்ளை வெளேரென்று வந்தால் காசு. கறுத்தால் செல்லாது.

அக்காவில் நடந்ததும் கண்டியில் நடந்ததும் என் மனதில் ஒட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். முத்திரை யாருடையது என்று ஊர் கேட்கவில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டது. நம் சங்கப் புலவர்களில் சிலருக்கு "வண்ணக்கன்" என்று பெயருக்கு முன்னே வரும். வண்ணக்கன் என்றால் காசு சோதிப்பவர். அது ஒரு தொழிலாகவே அன்றைக்கு இருந்திருக்கிறது. சீன வியாபாரிகளும் இந்த வேலையைச் செய்தார்கள். சோதித்துப் பார்த்த டாலரில் தங்கள் கடைச் சின்னத்தைச் சின்னதாகக் குத்திவிடுவார்கள். அப்படிக் குத்து வாங்கிய டாலர்கள் இன்றும் நம் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கின்றன.

இதற்கு நேர் எதிரானது இன்றைய கள்ளக் காசு. அதில் முத்திரை மட்டும் துல்லியம், உள்ளே ஒன்றும் இல்லை. வார இறுதிச் சந்தை ஒன்றில் பார்த்தேன். இளம் தம்பதி, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாம். கடைக்காரர் வணிக டாலர் ஒன்றை 80 வெள்ளிக்குக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் இருக்க வேண்டிய 24 கிராம் வெள்ளியின் விலையே அதைவிடக் கூடுதல். என் பையில் எப்போதும் சின்னத் தராசு இருக்கும். "பார்க்கலாமா அங்கிள்?" என்று கேட்டு வைத்தேன். 21 கிராம் காட்டியது. "பழசு இல்லையா, தேய்ஞ்சிருக்கும்" என்றார் அவர். பிரிட்டானியாவின் மூக்கு நுனிகூடத் தேயாமல் ஆறு கிராம் எங்கே தேய்ந்தது என்று நான் கேட்கவில்லை, அந்தப் பெண்ணே கேட்டுவிட்டார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

நெருப்பில் காய்ச்சாமல் வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். நகை நிறுக்கும் சின்னத் தராசு இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், 0.01 கிராம் வரை காட்டுவதாக வாங்குங்கள். முதலில் காசை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் பாதித் தண்ணீரோடு ஒரு கோப்பையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி தண்ணீரில் தொங்க விடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். சுத்த வெள்ளிக்கு 10.5. வணிக டாலருக்கு 10.3 வர வேண்டும், அதாவது 26.95 கிராம் காசைத் தொங்கவிட்டால் தராசு 2.6 அளவில் நிற்கும். பித்தளையில் வெள்ளி முலாம் பூசியது என்றால் 3.1, 3.2 என்று ஏறிவிடும். காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதும் உண்டு. ஒட்டினால் நிச்சயம் கள்ளம். ஆனால் ஒட்டாவிட்டால் நல்லது என்று அர்த்தமில்லை, பித்தளையும் ஒட்டாது.

அன்றைக்கு ஆண்ட்டியின் சாப்பாட்டு மேசையில் இதைத்தான் செய்தோம். மூன்று டாலரில் இரண்டு சரியாக 2.6 காட்டின. மூன்றாவது, மூன்றிலும் பளபளப்பான, மகன் எடுத்து எடுத்துக் காட்டிய டாலர், 3.1. அவர் முகம் விழுந்துவிட்டது. "தாத்தா சேர்த்ததாச்சே" என்றார். தாத்தா சேர்த்ததாகவே இருக்கலாம். அந்தக் காலத்திலும் கள்ளக் காசு உண்டு, தாத்தா கையில் யாராவது தள்ளியிருக்கலாம்.

பிறகு கொக்கி. எடை 4.72 கிராம். தண்ணீரில் 0.46. வகுத்தால் 10.26. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, படிவம் நான்கு படிப்பவள், கணினி எதுவும் இல்லாமல் தாளில் வகுத்துச் சொன்னாள். சுத்த வெள்ளிக்குப் பக்கத்தில் நிற்கிற எண். சின்னக் காசு என்பதால் எண் கொஞ்சம் முன்பின் ஆகலாம், அதனால் மூன்று தடவை செய்தோம்.

அரபு வாசிக்கத் தெரிந்த நண்பருக்குப் படம் அனுப்பினேன். "இதில் ஒரு சொல்கூட இல்லை, அலை மாதிரி இருக்கிறது" என்று பதில் வந்தது. அப்படியானால் பாரசீகத்தில் அடித்ததல்ல. அரபு தெரியாத தட்டார் ஒருவர் பார்த்து அடித்தது.

"அப்ப இது டூப்ளிகேட்டா?" என்றார் மகன்.

இந்தக் கேள்விக்கு ஆமாம் இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. மேசையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்றில் எழுத்து, ஆண்டு, உருவம் எல்லாம் சரி, வெள்ளி இல்லை. இன்னொன்றில் எழுத்து வெறும் கிறுக்கல், வெள்ளி அத்தனையும் இருக்கிறது. முதலாவது கள்ளக் காசு. இரண்டாவது பார்த்து அடித்த காசு, அது புழங்கிய நாளில் அதற்கு அரிசி கிடைத்தது, யாரும் ஏமாறவில்லை. தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மையும்தான் என்று நான் சொன்னபோது ஆண்ட்டி, "அது சரி பிள்ளை, அம்மம்மா கள்ளச் சாமான் வச்சிருக்க மாட்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

விலை என்ன என்பதுதான் அடுத்த கேள்வி, எல்லா வீட்டிலும் அதுதான். பெரிய புதையல் எல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டேன். லாரின் உலகச் சந்தையில் கிடைக்கிற பொருள்தான். ஆனால் நகைக்கடைக்காரர் கணக்கில் அது 5 கிராமுக்கும் குறைந்த பழைய வெள்ளி, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. உருக்கிவிட்டால் யாழ்ப்பாணத்துக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் நடுவில் அந்தக் குடும்பத்திடம் மிச்சமிருக்கும் ஒரே பொருள் ஒரு சொட்டாகிவிடும். நான் இதை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல நாக்கு துடித்தது என்பது உண்மை. சொல்லவில்லை. காசு பார்க்கக் கூப்பிட்ட வீட்டில் காசை விலைக்குக் கேட்கக்கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

இப்படிப்பட்டவற்றைப் பார்த்துப் பழக விரும்புகிறவர்களுக்குக் கோலாலம்பூரிலேயே இடம் இருக்கிறது. தேசியப் பள்ளிவாசலுக்கு அருகில் உள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் காசுகளுக்கென்று தனிக்கூடம் உண்டு. சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம், மலாக்கா சுல்தான்கள் காலத்துக் காசு முதல் நம் நோட்டு வரை வைத்திருக்கிறது. பிள்ளைகளோடு போகலாம். வாங்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் ஆறு மாதம் வெறுமனே பாருங்கள். காசு எங்கேயும் ஓடிப்போகாது, 800 வருடம் காத்திருந்ததுதானே.

இன்னொன்று. எங்கள் செமினிப் பக்கம் தோட்டம் தோட்டமாக மண்ணைத் தோண்டி வீடு கட்டுகிறார்கள். மண்ணில் பழைய காசோ பாத்திரமோ அகப்பட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமைத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். பாட்டி பெட்டியில் கிடைத்தது வேறு, மண்ணில் கிடைத்தது வேறு.

கொக்கியைப் பிவிசி கலக்காத சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எடை, அடர்த்தி, யாரிடமிருந்து வந்தது எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். பேத்தி எழுதினாள். முதல் வரியில் "அம்மம்மாவின் அம்மம்மா" என்று போட்டு, பெயர் தெரியாமல் பாட்டியைப் பார்த்தாள். பாட்டி சொன்ன பெயர் மகனுக்கே அன்றுதான் தெரிந்திருக்கிறது. கிளம்பும்போது, பழைய வெள்ளியை எந்தக் காரணத்துக்காகவும் தேய்க்காதீர்கள், புளி, பற்பசை எதுவும் வேண்டாம், கறுப்பாக இருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும் என்றேன். ஆண்ட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தீபாவளிக்குத் தீபாவளி திருநீறு போட்டுத் தேய்ச்சுத்தானே வைக்கிறனான்" என்றார்.